சாப்பாட்டு மாமா

ஆகஸ்ட் 4, ஞாயிறு

திருநெல்வேலி வந்து சேர்ந்தாயிற்று. ரொறன்ரோவில் ஏறி, மூன்று விமானம் மாறி, தூத்துக்குடியில் இறங்கி, வாடகைக் காரில் லாட்ஜுக்கு வந்தோம். இரண்டு பெட்டி வந்தன, ஒன்று வரவில்லை. வராதது என்னுடையது.

இந்த நாட்குறிப்பு என் யோசனை இல்லை. தத்தெடுப்புக்கு எங்களைப் பரிசோதித்த கனடாச் சமூகசேவகி சொன்னது. பிள்ளை வளர்ந்த பிறகு வாசிக்கக் கொடுக்கலாமாம். நளாயினி தனக்கு எழுத்து வராது என்று கைகழுவிவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன். இதுவரை நான் எழுதியதெல்லாம் விபத்து அறிக்கைதான். அப்படித்தான் இதுவும் இருக்கும்.

விபரம்: என் பெயர் தவரூபன், வயது நாற்பத்தேழு. மனைவி நளாயினி. இரண்டு பேரும் யாழ்ப்பாணம், இப்போது கனடா. கலியாணம் முடித்துப் பதினேழு வருடம். பிள்ளையின் பெயர் இசக்கி, வயது ஆறு, இங்கே ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறாள். எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர் இல்லை, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. இதுவரை இரண்டு தரம் கைப்பேசியில் அவளைப் பார்த்தோம். முதல் தரம் ஒரு காது தெரிந்தது. மற்றத் தரம் தலையுச்சி.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அதன் சம்மதமும் வேண்டும். 21ஆம் தேதி கலெக்டர் அவளிடம் நேரே கேட்பார். அவள் மாட்டேன் என்றால் இரண்டு பேராக வந்தவர்கள் இரண்டு பேராகவே திரும்ப வேண்டியதுதான். மூன்று வருடம் காத்திருந்தது அதோடு சரி.

எனக்கு எப்படியானாலும் ஒன்றுதான். நான் நளாயினிக்காக வந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எல்லாம் நல்லபடி நடந்தது. வீணாகப் பயந்தோம்.

ஒரு வீட்டுக்கு முதல் தரம் போகும்போது வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அதிலும் நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிற வீடு. கனடாவில் இருந்தே இங்கே ஒரு சமையல்காரரைப் பிடித்து, வடை, பாயசம், அப்பளத்தோடு மத்தியானச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தேன். வார்டன் புஷ்பம் டீச்சர் வேறு அலுவலாக வெளியூர் போயிருந்தார். சமையல்கட்டைப் பார்க்கும் மரகதம் அக்கா எங்களை வரவேற்றுச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருத்தினார்.

பிள்ளைகள் வரிசையாக நின்று நன்றிப் பாட்டுப் பாடினார்கள். இரண்டாவது வரிசையில் இசக்கி. ஒல்லி, பெரிய கண், இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல். எங்களுக்குப் பாயசம் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். நளாயினி அவள் கையைப் பிடித்தாள். பிடிக்க விட்டாள். என்ன வகுப்பு, என்ன பாடம் பிடிக்கும் என்று கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். புறப்படும்போது கை குவித்து, "நன்றி மாமா, நன்றி அத்தை, போயிட்டு வாங்க" என்றாள். என்ன மரியாதை!

நளாயினி திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒன்றும் கதைக்கவில்லை. களைப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

புஷ்பம் டீச்சர் காலையில் எங்களைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம், ஆனால் இன்றைக்குச் சிரிக்கவில்லை. பிறந்தநாள், கலியாண நாள், திவசம் என்று இந்த இல்லத்துக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் மாதத்தில் பத்துப் பேராவது உண்டாம். வருவார்கள், நாற்காலியில் இருப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். திரும்பி வருவதில்லை. பிள்ளைகள் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் சாப்பாட்டு மாமா, சாப்பாட்டு அத்தை.

"ராத்திரி நான் வந்ததும் இசக்கி கேக்கா சார், கனடா அம்மா அப்பா எப்ப வருவாவன்னு" என்றார் டீச்சர். "நேத்து வந்தாங்களே அவங்கதாம்மான்னு சொன்னேன். இல்ல டீச்சர், அவுக சாப்பாட்டு மாமால்லான்னு சொல்லிட்டுப் படுத்துட்டா."

ஒரு மாதமாக அவளை எங்களுக்காகத் தயார்படுத்தி வைத்திருந்தார்களாம். நான் ஒரு பாயசத்தால் எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிட்டேன்.

இனிமேல் கையை வீசிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு பிஸ்கட் பைக்கற்றுக்கூடக் கூடாதாம்.

ஆகஸ்ட் 7, புதன்

கையை வீசிக்கொண்டு போனோம். இசக்கி நாங்கள் கேட்காமலே அந்த நன்றிப் பாட்டை முழுக்கப் பாடினாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பெட்டி வந்தது. உள்ளே ஷாம்பூப் போத்தல் உடைந்து, எல்லாச் சட்டையிலும் வாழைப்பழ வாசம். குழந்தைகளுக்கான ஷாம்பூ எப்படி என் பெட்டிக்குள் வந்தது என்று நளாயினி கேட்டாள். யாராவது மாற்றி வைத்திருப்பார்கள் என்றேன்.

டீச்சர் எங்களுக்கு வேலை பிரித்துத் தந்திருக்கிறார். நளாயினிக்குத் தலை பின்னுவதும் பேன் பார்ப்பதும். எனக்கு மரகதம் அக்காவோடு பாத்திரம் கழுவுவது. அண்டா ஒவ்வொன்றும் அதற்குள் நான் இறங்கி நிற்கலாம் போல இருக்கிறது.

இசக்கி இன்னும் நாற்காலி கொண்டு வருகிறாள். அதே சிவப்பு நாற்காலி. எங்களைக் கண்டதும் ஓடிப்போய்ச் சுமந்துகொண்டு வந்து, கையால் தூசி தட்டிப் போடுவாள். நான் நிலத்தில் இருந்தால் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். கடைசியில் அவளுக்குக் கால் வலிக்குமே என்று நான்தான் எழும்பி அதில் இருக்க வேண்டியிருக்கிறது. இத்தனை மரியாதையை என் வாழ்நாளில் யாரும் எனக்குத் தந்ததில்லை. எப்படி அதை நிறுத்துவது என்றும் தெரியவில்லை.

இன்றைக்கு அவள் பதினாறு தரம் சிரித்தாள். எல்லாம் மற்றப் பிள்ளைகளோடு. நான் எண்ணவில்லை, சும்மா கண்ணில் பட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நளாயினியும் நானும் சண்டை. லாட்ஜில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டும் அளவுக்கு.

அவள் சொன்னாள்: "சாப்பாடு போடுறது உங்கட யோசனை. நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். மற்ற ஆக்களுக்குத் தெரியாட்டிலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

பிறகு அவள் அழுதாள். ஐந்து தரம் வயிற்றில் தங்கித் தங்காமல் போன பிள்ளைகளுக்குக்கூட இப்படி அழுததில்லை. அவர்கள் எங்களைப் பார்த்ததில்லையாம், இவள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று கேட்டாள். இரண்டு சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டேன். வாசம் போகவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இசக்கி இன்றைக்குத் தானாக என்னோடு ஒரு வசனம் பேசினாள். "அண்டாவை உள்ள மட்டும் தேய்ச்சாப் பத்தாது, அடியும் தேய்க்கணும் மாமா."

அடியும் தேய்த்தேன். கரி போய்ப் பளபளத்தது. மரகதம் அக்கா, இந்த அண்டா இப்படி இருக்கும் என்று தனக்கே தெரியாது என்றார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். இன்றைக்கு மட்டும் மூன்று கூட்டம். காலையில் ஒரு சங்கத்தார் இட்லியோடு வந்து கொடியேற்றினார்கள். பின்னேரம் கல்லூரிப் பிள்ளைகள் கேக்கோடு வந்தார்கள். நான் எழுத வேண்டியது மத்தியானம் நடந்தது.

தாயின் நினைவு நாளுக்கு ஒரு பெரியவர் பிரியாணி கொண்டு வந்திருந்தார். நான் சமையல்கட்டில் வெங்காயம் அரிந்துவிட்டு, கண்ணும் மூக்கும் ஒழுக, சாரமும் பழைய பனியனுமாகக் கூடத்துக்கு வந்தேன். பெரியவரின் மகன் படம் எடுப்பதற்காக எல்லாரையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வேலைக்காரர் என்று நினைத்துவிட்டான். "அண்ணே, நீங்களும் ஒக்காந்துருங்க, சாப்பாடு நிறைய இருக்கு" என்று தோளைப் பிடித்து வரிசைக் கடைசியில் இருத்தினான். நான் வேலையாள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் பார்த்தால் இசக்கி.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெரியவர் நாற்காலியில் இருக்கிறார், நான் நிலத்தில் இலைக்கு முன்னால் இருக்கிறேன். அவள் கணக்குப்படி இது நடக்கக் கூடாதது. இலையில் பிரியாணி விழுந்ததும் என் கை தானாக நீண்டது.

"இப்ப சாப்பிடக் கூடாது" என்றாள் காதோடு. "மொதல்ல பாட்டு. அப்புறம் போட்டோ. அப்புறந்தான்."

கையை எடுத்துக்கொண்டேன். பாட்டுத் தெரியுமா என்று கேட்டாள். பத்து நாளில் நான் அதை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! பாடினேன். ஒரு இடத்தில் சுருதி பிசகியபோது தொடையில் இடித்தாள். படத்துக்கு எப்படிக் கை குவிக்க வேண்டும் என்றும் காட்டித் தந்தாள். பெரியவர் வரிசையாக எல்லாருக்கும் ஒரு பென்சில் பெட்டி கொடுத்துக்கொண்டு வந்தார். எனக்கும் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன்.

சாப்பிடத் தொடங்கியதும் இசக்கி, "நீங்க முட்டை சாப்பிடுவியளா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் என் இலையில் இருந்த முட்டை அவள் வாயில் இருந்தது.

ஆகஸ்ட் 15, மறுபடி

நளாயினி குளிக்கப் போயிருக்கிறாள். நாங்கள் சண்டை போட்ட அன்றைக்கு எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

எண்பத்தேழில் எனக்குப் பத்து வயது. சண்டைக்குப் பயந்து ஓடி ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். ஒரு கனவான் பாண் கொண்டுவந்தார், இங்கே பிரெட் என்பது. நாங்கள் வரிசையில் நின்று கை தட்ட வேண்டும். எனக்குத் தரும்போது என் கன்னத்தைத் தட்டி, கெட்டிக்காரன், வெள்ளிக்கிழமை திரும்பி வருவேன் என்றார். நான் வெள்ளிக்கிழமை முழுக்கப் வாசல் படலைக்குப் பக்கத்தில் நின்றேன். அடுத்த வெள்ளியும் நின்றேன். அவர் வரவில்லை. சண்டைக் காலம், அவருக்கு என்ன கஷ்டமோ. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பாண் நல்ல பாண்தான். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு யார் எதைத் தந்தாலும் நன்றி சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவேன். நளாயினியைத் தவிர.

இந்த வயதில் திரும்பவும் வரிசையில் இருந்து பென்சில் பெட்டி வாங்கினேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை, பக்கத்தில் ஆள் இருந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நாற்காலி வரவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நளாயினி இசக்கிக்குத் தலை பின்னினாள். பின்னல் கோணல் என்று அவிழ்த்து மறுபடி பின்னச் சொன்னாளாம். நளாயினி இதை என்னிடம் மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

குழாயடியில் தட்டுக் கழுவும்போது இசக்கி கேட்டாள், "நீங்க எப்ப போவிய?" பிள்ளைக்கு எந்த வாக்குறுதியும் கொடுக்கக் கூடாது, ஆசை காட்டக் கூடாது என்பது டீச்சரின் கண்டிப்பான சட்டம். தெரியாது அம்மா என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

டீச்சரிடம் சொன்னேன். போன வருடம் ஒரு தம்பதி இவளைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்களாம். அவர்களுக்கும் சரி என்றுதான் சொன்னாளாம்.

"யாரு என்ன கேட்டாலும் இவ சரின்னுதான் சார் சொல்லுவா" என்றார் டீச்சர். "எனக்கு அதான் பயம். கலெக்டரம்மா லேசுப்பட்ட ஆளு இல்ல. வேற வேற மாதிரி கேட்டுப் பாப்பாங்க. சொல்லிக்குடுத்த சரின்னு தோணிட்டா ஃபைல மூடிருவாங்க. அப்புறம் எத்தன மாசம் ஆகும்னு சொல்ல முடியாது."

எங்களுக்கு விடுமுறை அடுத்த மாதக் கடைசி வரைதான். அவள் மாட்டேன் என்பாளோ என்று இதுவரை பயந்தோம். இப்போது சரி என்பாளோ என்று பயம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாளைக்கு. டீச்சர் இசக்கியைக் கூட்டிக்கொண்டு நேரே கலெக்டர் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். நாங்கள் பத்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும். நான் இசக்கியிடம், பத்து மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது வாக்குறுதியில் சேராது என்று நினைக்கிறேன்.

இஸ்திரிப் பெட்டி வாங்கிச் சட்டை மினுக்கினேன். நளாயினியின் சேலையையும் மினுக்கினேன். பிறகு லாட்ஜ்க்காரரின் மேசைவிரிப்பையும் மினுக்கினேன்.

முதல் நாள் எழுதியதைத் திருப்பி வாசித்தேன். எப்படியானாலும் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். நான் எனக்காகத்தான் வந்தேன். அந்தப் பிள்ளை இல்லாமல் எப்படித் திரும்பிப் போவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

ஒழுங்காக எழுதுகிறேன்.

பிழை என்னுடையது. ஒன்பதரைக்குக் கலெக்டர் அலுவலக வாசலில் நின்றுகொண்டு உறையைத் திறந்தால் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் இல்லை. விரிப்பு மினுக்கின மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அசல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆட்டோ பிடித்து லாட்ஜுக்கு ஓடினோம். திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தில் ஒரு மணி நேரம் ஒன்றும் அசையவில்லை. டீச்சரின் கைப்பேசி உள்ளே அனுமதியில்லாததால் அணைந்திருந்தது. நளாயினி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உள்ளே போகும்போது பதினொன்று ஐம்பது. கலெக்டரின் அறைக் கதவு திறந்திருந்தது. பெரிய மேசைக்கு இந்தப் பக்கம் டீச்சர், பக்கத்து நாற்காலியில் கால் எட்டாமல் இசக்கி. என்ன நடந்தது என்று டீச்சர் பிறகு சொன்னார். எங்கள் படத்தைக் காட்டி, இவங்க கூடப் போறியா என்று கலெக்டர் கேட்டிருக்கிறார். சரி என்றிருக்கிறாள். போக வேண்டாம், இங்கேயே இருக்கிறியா என்று கேட்டிருக்கிறார். அதற்கும் சரி. வேறு ஒரு அம்மா அப்பா வந்தால் என்று கேட்டதற்கும் சரி. கலெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லி முடித்த நேரத்தில்தான் நாங்கள் வாசலில் போய் நின்றிருக்கிறோம்.

இசக்கி திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் இருந்து குதித்து இறங்கினாள். நேரே என்னிடம் வந்து, தலையை நிமிர்த்தி, அந்த அலுவலகம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

"எங்க போனிய? பத்து மணிக்கு வாரேன்னு சொன்னியள்லா? நான் எவ்வளவு நேரமா ஒக்காந்துருக்கேன்!"

அவள் என் மினுக்கின சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. நான் வரமாட்டேன் என்று நினைத்தாளாம். போய்விட்டோம் என்று நினைத்தாளாம். நளாயினியைப் பார்த்து, நீங்களாவது இவரைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு வரக்கூடாதா என்று அவளுக்கும் ஒரு கத்து. வாசலில் நின்ற சேவகர் ஓடிவந்தார். டீச்சர் எழும்பிப் பிடிக்கப் போனார். கலெக்டர் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

நாற்பது வயதுகூட இராது அந்த அம்மாவுக்கு. மேசையைச் சுற்றி வந்து, இசக்கிக்குப் பக்கத்தில் குந்தினார்.

"இவங்க கூடப் போறியாம்மா?"

இசக்கி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போவேன். மொதல்ல ஏன் லேட்டுன்னு சொல்லச் சொல்லுங்க."

கலெக்டர் எழும்பி என்னைப் பார்த்தார். முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார். "சொல்லுங்க சார். ஏன் லேட்டு?"

சொன்னேன். பாஸ்போர்ட்டை மறந்ததில் தொடங்கி, பாலத்தில் நின்ற லாரி வரைக்கும், ஒன்றும் விடாமல், ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் நின்று சொன்னேன். நளாயினி பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளோ அழுதாளோ, தெரியாது. இசக்கி குறுக்குக் கேள்வி கேட்டாள். பாஸ்போர்ட்டை ஏன் நேற்றே பைக்குள் வைக்கவில்லை? அதற்கு என்னிடம் நியாயமான பதில் இல்லை. அதையும் ஒத்துக்கொண்டேன்.

கலெக்டர் இருக்கைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். இனி இசக்கிக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுக்க வேண்டும், இன்னும் ஐந்தாறு கிழமை செல்லும். செல்லட்டும். டீச்சர் தன் கைக்குட்டையை நனைத்துவிட்டு என்னுடையதைக் கேட்டு வாங்கினார்.

வெளியே வந்ததும் நான் இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தரவில்லை. படி இறங்கி, மரத்தடி தாண்டி, ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் நளாயினியின் விரலைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நடந்தாள். என்னை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, நான் பின்னால் வருவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.